வறுக்காத தூள்

மகன்,

கடிதத்தைப் பிரிப்பதற்கு முன்னமே பொட்டலத்தைப் பிரித்து, மூக்கருகே கொண்டுபோய், நாலைந்து தும்மல் தும்மியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓரிடத்தில் ஆறுதலாக இருந்து இதை வாசி. நாங்கள் நலம், நீ நலமா என்று சம்பிரதாயத்துக்கு எழுத எனக்கு இப்போது பொறுமை இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கோல் எடுத்து, "அம்மா, நான் கப்பலுக்குப் போகேல்லை. அப்பா சாப்பிடாமக் கிடக்கேக்க எனக்கு என்னத்துக்குக் கப்பல் வேலை? நான் வீட்டை வாறன்" என்று சொன்னாய். நான் பதில் சொல்ல வாயெடுக்க முன்னம் அழத் தொடங்கினாய். உன் அழுகையைக் கேட்டு நானும் அழுதேன். இரண்டு பேரும் அழுதால் யார் கதைக்கிறது? அதனால்தான் எழுதுகிறேன். சமையல் வேலை தந்த கப்பல் கொம்பனிக்கு வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும் என்றாய். உன் கூட்டாளி இன்று பின்னேர பஸ்ஸில் கொழும்புக்கு வருகிறான், அவன் கையில் இதையும் தூளையும் கொடுத்துவிடுகிறேன். அவர்களுக்கு நீ மாட்டேன் என்று சொல்வதற்கு முன்னம் இதைக் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிடு. உன்னோடு அந்த அறையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டு, எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அவர்களுடைய வீடுகளிலும் யாராவது ஒருவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு இருக்கக்கூடும்.

அப்பா எப்படிச் சாப்பிட்ட மனிதர் என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவரும் இழுவைப் படகின் என்ஜின் அறையில் அத்தனை வருடம் வெந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், சோற்றை மலையாகக் குவித்து, அதன் நடுவில் குழி பறித்து, மீன் குழம்பை விட்டுச் சாப்பிட்டு, கடைசியில் சட்டியையும் வழித்துப் பார்ப்பார். அந்த மனிதரிடம் கிளினிக்கில் இருந்த டொக்டர்ப் பிள்ளை, "ஐயா, உங்கட இதயம் களைச்சுப் போச்சு. உப்பை நல்லாக் குறைக்க வேணும், தேங்காய்ப்பாலையும் குறையுங்கோ. தூள், புளி எல்லாம் போடலாம்" என்று சொன்னாள். அவர் "ஓம் ஓம்" என்று தலையாட்டினார். வீட்டுக்கு வந்து முதல் நாள் உப்பில்லாத குழம்பில் ஒரு கவளம் எடுத்து வைத்தவர், கையைக் கழுவிவிட்டு எழும்பிவிட்டார். அன்றைக்குத் தொடங்கிய சத்தியாக்கிரகம்தான். கால் வீக்கம் வடிந்தது, அதோடு ஆளும் வடிந்துபோனார். போன முறை கிளினிக்குக்குப் போகும்போது அவருடைய காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை, அதில் ஊக்கு குத்திக் கூட்டிக்கொண்டு போனேன். இது உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பாய்.

ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் இந்த வீட்டில் ஒரு நாடகம் நடந்தது. அவர் கதிரையில் இருந்தபடி வலது கையை என் முன்னால் நீட்டுவார். "இஞ்சாரும், உப்பு." நான், "போட்டுத்தான் கிடக்கு, சாப்பிடுங்கோ" என்பேன். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று ஒரு பழமொழியைச் சொல்லிவிட்டுக் கோப்பையைத் தள்ளுவார். உப்புப் போத்திலை நான் அரிசி வாளிக்குள் ஒளித்தேன், கண்டுபிடித்தார். சாமி அறையில் ஒளித்தேன், தேவாரம் பாடப் போகிற மாதிரிப் போய் அங்கேயும் கண்டுபிடித்தார். கடைசியில் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, எனக்கு வேண்டும்போது ஒரு சிட்டிகை வாங்கி வந்தேன். இதைக் கேட்டு நீ சிரிப்பாய், நானும் அப்போது சிரித்தேன். ஆனால் ஒருநாள் அவர் வாசலில் இருந்து உள்துறைமுகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "கடலுக்கு முன்னால இருந்துகொண்டு உப்பில்லாமச் சாகப்போறன்" என்றார். அவர் பகிடியாகத்தான் சொன்னார். எனக்கு அன்றைக்கு முழுக்கச் சமையலறையில் கை ஓடவில்லை.

அப்போதுதான் நீ அந்தப் போத்திலை அனுப்பினாய். வெளிநாட்டுக்காரர் மீனையும் இறைச்சியையும் மரக்கறியையும் கல்லில் கருக்கி எடுக்கிற தூள், கொழும்பில் பெரிய கடையில் வாங்கினது, இதைப் பூசிச் சுட்டால் உப்பே தேவைப்படாது என்று சொன்னாய். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போத்திலில் உள்ளதை வாசித்தால், சேர்மானத்தில் முதல் பெயரே உப்பு. பெரிய ஹோட்டல் குசினியில் வேலை செய்கிற பிள்ளை, லேபலை வாசிக்காமல் தகப்பனுக்கு மருந்து அனுப்பியிருக்கிறாய். நான் அதைச் சொன்னதும் நீ, "அப்ப வீட்டிலயே செய்வம் அம்மா. நான் சொல்லச் சொல்லச் செய்யுங்கோ" என்றாய். கப்பல்காரர் உன்னைச் சோதித்துப் பார்த்த அன்றைக்கு நீ செய்துகாட்டியதும் இந்தக் கருக்கிய மீன்தான் என்று அப்போதுதான் எனக்குச் சொன்னாய். உன் குரலில் இருந்த சந்தோசத்தைக் கேட்டபோது, இந்தப் பிள்ளை எந்த வேலைக்காகப் பிறந்ததோ அந்த வேலையைத்தான் செய்கிறது என்று எனக்குப் பட்டது. இதைப் பிறகு திரும்பச் சொல்லுவேன், ஞாபகம் வைத்துக்கொள்.

நீ சொன்ன சாமான்களில் பாதி எனக்கு வாயிலேயே நுழையவில்லை. ஒன்றை நீ விளக்கி, அதன் இலையை நசுக்கினால் இருமல் மருந்து மணக்கும் என்று சொன்னபோது, "மகன், அது எங்கட கிணத்தடியில நிக்கிற கற்பூரவள்ளி" என்றேன். நீ அதுவல்ல, ஆனால் அதன் ஒன்றுவிட்ட சகோதரம், அதையே போடலாம் என்றாய். இன்னொன்றுக்கு ஓமம் போதும் என்று இரண்டு பேருமாக முடிவு செய்தோம். அவர்கள் போடும் காரமில்லாத சிவப்புத் தூளுக்குப் பதிலாகச் செத்தல் மிளகாயைக் கீறி விதையைத் தட்டிவிட்டால் நிறம் வரும், எரிவு வராது என்றாய். உள்ளிப் பூண்டையும் நிலாவெளி வெங்காயத்தையும் மெல்லிசாகச் சீவிக் காயவைக்க வேண்டும். மிளகு தாராளமாக, நற்சீரகம் கொஞ்சமாக. உப்பு இல்லாத குறையை நாக்கு மறக்க வேண்டுமென்றால் ஒரு புளிப்பு வேண்டுமே என்று யோசித்து, மீன் குழம்புக்குப் போடும் கறுத்த கொறுக்காய்ப்புளியைக் காயவைத்து இடித்துச் சேர்ப்போம் என்றது நான். "அம்மா, இது எனக்குத் தோணேல்லையே" என்று நீ சொன்னாய். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஒரு கிழமை நடந்தேன்.

காயவைத்த கதையைக் கேள். சுளகிலும் பாயிலும் பரப்பி முற்றத்தில் வைத்துவிட்டு, காகத்துக்குக் காவலாக அப்பாவைக் கதிரையோடு தூக்கி வைத்த மாதிரி வாசலில் இருத்தினேன். சாப்பிடாத மனிதர், ஒரு வேலையாவது செய்யட்டும். காகம் வரவில்லை. மான் வந்தது. இந்த டவுனில் மான் மாடு மாதிரித் திரியும் என்று உன் கொழும்புக் கூட்டாளிகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கேற்றைத் தள்ளிக்கொண்டு வந்து, உள்ளியை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு, கற்பூரவள்ளி முழுவதையும் தின்றுவிட்டுப் போனது. அப்பா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். "ஏன் கலைக்கேல்லை?" என்று கேட்டால், "அதாவது ருசிச்சுச் சாப்பிடுது, சாப்பிடட்டும் எண்டு விட்டனான்" என்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. திரும்பவும் இலை பிடுங்கி, இந்த முறை தண்ணீர்த் தாங்கியின் மேல் காயவைத்தேன்.

எல்லாம் சருகு மாதிரிக் காய்ந்து வந்தது. அதற்குப் பிறகு நான் செய்ததை நீ இன்றுவரைக்கும் சொல்லிச் சிரிக்கிறாய். நான் என்ன செய்ய, மகன்? எங்கள் ஊரில் தூள் என்றால் வறுக்கிறதுதான். மல்லியோ மிளகாயோ கைக்கு வந்தால் அடுப்பு மூட்டித் தாச்சியை வைத்துவிடும் கை இது. வறுக்காமல் அரைக்கச் சொல்லி நீ சொன்னது மண்டையில் இருந்தது, கை மண்டையைக் கேட்கவில்லை. எல்லாவற்றிலும் ஒவ்வொரு கை அள்ளிப் போட்டு, நல்ல கறுத்தக் கறித்தூள் பதத்துக்கு, வீடு முழுக்க மணக்க மணக்க வறுத்து எடுத்து அரைத்தேன். பிறகு அதைப் பாரை மீன் துண்டில் பூசிச் சூடான கல்லில் போட்டேன். மீன் நிலக்கரித் துண்டு மாதிரி வந்தது. அப்பா ஒரு வாய் வைத்தார். "இஞ்சாரும், என்ஜினுக்குள்ள இருந்து வழிச்சனீரோ?" என்று கேட்டார். நான் உனக்குக் கோல் எடுத்து, உன்னுடைய தூள் கசக்கிறது என்று குற்றம் சாட்டினேன். நீ மெதுவாக, "அம்மா, வறுத்தனீங்களோ?" என்று கேட்டாய். "என்ர கை வறுத்துப்போட்டுது" என்றேன். "அது கல்லிலதான் கருக வேணும் அம்மா. நீங்கள் முன்னமே கருக்கிப்போட்டுத் திரும்பவும் கருக்கினா, ஒண்டும் மிஞ்சாது" என்றாய்.

அடுத்த தரம் நடந்ததை உனக்கு நான் சொல்லவே இல்லை, நீ பஸ் ஏறிவிடுவாய் என்ற பயத்தில். எங்களுடைய கிரைண்டர் பழுதாகிவிட்டது, ஆகவே மிச்சக் காய்ந்த சாமானில் பாதியைப் பையில் போட்டு, ஒன்றையும் வறுக்காமல், சந்தியில் இருக்கும் தூள் மில்லுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மில் நானாவை உனக்குத் தெரியும், கிண்ணியா மனிதர், எனக்கு அண்ணன் மாதிரி, உன்னைப் பார்த்தால் விளாங்காய் தருவாரே, அவர்தான். பிறகு வந்து எடுங்கள் என்றார். பின்னேரம் போனால், தூள் கறுகறுவென்று பைக்குள் சூடாக இருக்கிறது. நானாவின் முகம் முழுக்கச் சிரிப்பு. "தங்கச்சி, நீங்க வறுக்காமக் கொண்டந்து தந்திட்டீங்க. புருசனுக்குச் சுகமில்லாத நேரம், மறதி வாறதுதான். நான் வீட்டக் குடுத்து நல்லா வறுத்தெடுத்துத்தான் அரைச்சிருக்கன். வாசத்தப் பாருங்க" என்றார். அவருடைய மனைவி இந்த வெயிலில் அடுப்படியில் நின்று, யாரோ ஒருத்தியின் நோயாளிப் புருசனுக்காகத் தன் கையால் வறுத்துத் தந்திருக்கிறா. "பெரிய உதவி நானா" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வரும் வழி முழுக்கச் சிரிப்பும் அழுகையும் மாறிமாறி வந்தது. அந்தத் தூளில் இறைச்சிக் கறி வைத்தால் அமிர்தம், ஆனால் உப்பில்லாமல் அப்பா அதையும் தொடவில்லை. அந்த வாரக் கடைசியில்தான் நீ கோல் எடுத்து, கப்பலுக்குப் போகவில்லை என்றாய்.

அன்றைக்கு அழுது முடிந்த பிறகு எனக்கு ஒரு வீம்பு வந்தது. அடுத்த நாள் விடிந்ததும் பக்கத்து வீட்டுக் கிரைண்டரை இரவல் வாங்கி, மிச்சம் இருந்த வறுக்காத சாமானை என் கண்ணுக்கு முன்னாலேயே அரைத்தேன். கொறுக்காய் கல்லு மாதிரிக் கிடந்தது, அதை உரலில் தனியாக இடித்துச் சேர்த்தேன். தூள் செங்கல் நிறத்தில், பாதி நொறுங்கலாக வந்தது. இதுவா கருக்கப்போகிறது என்று எனக்கே சந்தேகம். நீ மீனைப் பட்டரில் தோய்க்கச் சொன்னாய், ஆனால் இங்கே விற்கிற பட்டரிலும் உப்பு இருக்கிறது ராசா. லேபலை வாசிக்கப் பழகு. நான் நல்லெண்ணெயை விரலால் தொட்டுப் பூசி, தூளை இரண்டு பக்கமும் அழுத்தி ஒட்டினேன். பின் வளவில் அடுப்பை மூட்டி, தடித்த தோசைக்கல்லைப் புகை கிளம்பும் வரைக்கும் காயவிட்டு மீனை வைத்தேன். அப்பப்பா, அந்தப் புகை. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால், "அக்கா, என்ன எரியுது?" என்று வாளித் தண்ணீரோடு எட்டிப் பார்த்தாள். நீ சொன்ன மாதிரி அதைத் தொடாமல், பிரட்டாமல், நோண்டாமல் நிற்பதுதான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது. மிளகாய்க் காட்டம் அடங்கி, வறுத்த கச்சான் கடலை மணம் ஒன்று மேலே வந்தது. அப்போது ஒருமுறை பிரட்டினேன். மேலே கறுத்து மொறுமொறுவென்றும், உள்ளே வெள்ளையாக ஈரத்தோடும் இருந்தது. தேசிக்காய்ப் புளி பிழிந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சத்தம் இல்லை. பழமொழி இல்லை. திரும்பிப் பார்த்தால் கோப்பையில் முள்ளு மட்டும் இருக்கிறது, சோறும் இல்லை. அவர் வலது கையை என் முன்னால் நீட்டினார். இவ்வளவும் செய்து கடைசியில் உப்புத்தானே கேட்கப் போகிறார் என்று, திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். "இன்னொரு துண்டு இருக்கோ?" என்று கேட்டார். மகன், எனக்கும் அவருக்கும் கலியாணம் நடந்து இத்தனை வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன நல்ல வார்த்தைகளில் அதுதான் முதலாவது. எனக்காக எடுத்து வைத்திருந்த துண்டைக் கொண்டுவந்து வைத்தேன். புகையால் கண் எரிகிறது என்று சொல்லிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.

ஒருநாள் சாப்பிட்டதை வைத்து உனக்கு எழுதினால், அம்மா என்னைச் சமாதானப்படுத்தச் சொல்லுகிறா என்று நீ நம்பமாட்டாய். அதனால் நேற்றுக் கோழியில் செய்து பார்த்தேன். நெஞ்சுப் பகுதியைத் தட்டையாக வெட்டினால்தான் உள்ளே வேகும், தடிப்பாக விட்டால் மேலே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். அதையும் சாப்பிட்டார். இன்றைக்குச் சதுர்த்தி விரதம், வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இல்லை. மச்சம் சுட்ட கல்லை விரத நாளில் அடுப்பில் வைக்க எனக்கு மனம் வராது என்று உனக்குத் தெரியும், மரக்கறிக்கென்று வைத்திருக்கும் மற்றக் கல்லை எடுத்தேன். கத்தரிக்காயை விரல் தடிப்புக்கு வெட்டினேன், பூசணியை இன்னும் மெல்லிசாக. கத்தரிக்காய் எண்ணெய் குடிக்கும், அதனால் எண்ணெயைக் காயில் பூசாமல் கல்லில் தடவினேன். தின்னும்போது அப்பா, "மிளகு இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்" என்றார். குறை சொல்லத் தொடங்கிவிட்டார் என்றால் மனிதர் திரும்பி வந்துவிட்டார் என்று அர்த்தம்.

இப்போது உன்னைப் பற்றிய கதைக்கு வருகிறேன். நீ உருவத்தில் அப்பா மாதிரி, ஆனால் குணத்தில் என் பிள்ளை. எதையும் முன்னமே வறுத்துவிடுகிற ஆள் நான். நீ சின்னவனாக இருந்தபோது மூதூருக்குப் படகில் பள்ளிக்கூடச் சுற்றுலா என்றால், படகு வெளிக்கிட முன்னமே அது கவிழ்ந்து தாண்டுபோன மாதிரி அழுது முடித்துவிடுவேன். நீ சோதனை எழுத முன்னமே நீ பெயிலாகினால் என்ன செய்வது என்று அப்பாவோடு சண்டை பிடிப்பேன். நீ பின்னேரம் பத்திரமாக வந்து பசிக்கிறது என்று நிற்கும்போது, சந்தோசப்பட எனக்குச் சீவன் மிஞ்சியிருக்காது. ஞாயிற்றுக்கிழமை நீ அழுததும் அந்த அழுகைதான். அப்பா போய்விட்ட மாதிரி, நீ தூரத்தில் நிற்கிற மாதிரி, எல்லாவற்றையும் மனதுக்குள் போட்டு வறுத்துவிட்டு அழுதாய். அவர் இங்கே கதிரையில் இருந்து மானைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். அப்பாவின் இதயம் களைத்த இதயம்தான். இந்தத் தூள் அதை இளசாக்காது. நீ எந்தக் கடலில் நிற்கும்போதும் இங்கே ஏதும் நடக்கலாம். நடந்தால் சொந்தக்காரர் இருக்கிறார்கள், மில் நானா இருக்கிறார், வாளித் தண்ணீரோடு வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறவள் இருக்கிறாள். நீ வர ஏலாமல் போனாலும் போகலாம். அது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். ஆனால் அது நடக்கிற அன்றைக்கு அழுவோம், மகன். அன்றைக்கு அழுவதற்கு நிறைய இருக்கும். அவர் சாப்பிடுகிற இந்த நாட்களை அதற்காக எரிக்க வேண்டாம். நீ வேலையை விட்டுவிட்டு வந்து இந்த வாசலில் இருந்தால், அவர் ஒவ்வொரு கவளத்தையும் உனக்காக விழுங்குவார், நீ ஒவ்வொரு மூச்சையும் எண்ணிக்கொண்டிருப்பாய். அந்த வீட்டில் நான் எப்படி இருப்பேன்?

உன்னைப் பார்க்க ஆசை இல்லாமல் நான் இதை எழுதவில்லை. குசினிக்குள் நீ வந்து நின்று சட்டி மூடியைத் திறந்து பார்க்கிற சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிற மாதிரி இருக்கும், திரும்பிப் பார்ப்பேன். ஆனால் கொறுக்காய்ப்புளி போடுவோம் என்று நான் சொன்னபோது உன் குரலில் வந்த அந்தத் துள்ளல், அது இந்த வாசலில் இருந்து வளராது. பெரிய குசினி வேண்டும் அதற்கு. பொட்டலத்தில் இருக்கிறது நான் அரைத்த தூள். கப்பலில் யாருக்காவது உப்பு ஆகாது என்றால் இதைப் போட்டுக் கொடு, எங்கே படித்தாய் என்று கேட்டால் என் பெயரைச் சொல். ஒருவருக்கும் அதை வறுக்க மட்டும் விடாதே.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீ கோல் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அப்பா கண்ணை மூடிக்கொண்டு நித்திரை மாதிரிக் கிடப்பார். "அப்பாவுக்கு என்னில கோவமோ?" என்று நீ கேட்பாய், நான் இல்லை மகன், களைப்பு என்பேன். உண்மையில் கோபம்தான் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், நீ கொழும்புக்குப் போனது பிடிக்கவில்லையாக்கும் என்று. இன்றைக்கு மத்தியானம் கத்தரிக்காய் சாப்பிட்ட பிறகு, நான் உனக்குத் தூள் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் நேராகவே கேட்டேன். "பெத்த பிள்ளையோட ஒரு வார்த்தை கதைச்சா என்னப்பா உங்களுக்கு?" அவர் துறைமுகப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "அவன்ர குரலைக் கேட்டா, வந்திடு எண்டு என்ர வாய் சொல்லிப்போடும். அவன் வந்திடுவான்" என்றார். பொட்டலத்து நூல் அப்படியே கையில் இருந்தது. அவரும் முன்னமே வறுக்கிற ஆள்தான், எனக்குத்தான் இவ்வளவு காலமும் தெரியவில்லை.

அவன் வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும், நீங்கள் ஏதாவது சொல்லிவிடுங்கள், எழுதுகிறேன் என்றேன். மிளகைக் கூட்டிப் போடச் சொல்லு என்றார். அதுவல்ல, வேறு ஏதும் சொல்லுங்கோ என்றேன். இப்போது நான் எழுதுவது அவர் சொன்னது, ஒரு எழுத்தும் நான் கூட்டவில்லை. "அவனைப் போகச் சொல்லும். கப்பல் வெளிக்கிட்டு, கரையை விட்டுத் தூரம் போனாப் பிறகு எனக்குக் கோல் எடுக்கச் சொல்லும், நான் கதைக்கிறன். அதுக்குப் பிறகு நான் வா எண்டு சொன்னாலும் அவனுக்கு இறங்க ஏலாது."